கடைக்குள் இடுப்புத் துப்பாக்கி: "வேண்டாம்" என்று சொல்ல டெக்சாஸில் என்ன வழி?

மளிகை_ஃபிரிஸ்கோ | 8 நவம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே நானும் மனைவியும் ஒரு சின்ன இந்திய மளிகைக் கடை நடத்துகிறோம். துப்பாக்கியை வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு கடைக்குள் வருவதை நாங்கள் விரும்பவில்லை. அதைச் சட்டப்படி எப்படித் தடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

போன வாரம் ஒருவர் இடுப்பு உறையில் பிஸ்டலோடு வந்தார். அரிசி மூட்டையும் மசாலாவும் வாங்கினார், மரியாதையாகப் பேசினார், போய்விட்டார். அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கவுன்ட்டரில் இருந்த பெண் பயந்துபோயிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவளை அந்த இடத்தில் நிறுத்தியது நான்தானே.

கதவில் பிஸ்டல் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். அது போதுமா?

வழக்குமன்றம் | 8 நவம்பர்

போதாது. கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவரை அந்தப் படம் கட்டுப்படுத்தாது. டெக்சாஸ் சட்டம் கேட்பது குறிப்பிட்ட வாசகம், குறிப்பிட்ட அளவு எழுத்து. (நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். பலகை அடிக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.)

தண்டனைச் சட்டத்தில் மூன்று பிரிவுகள் உங்களுக்கு வேண்டும். உரிமம் உள்ளவர் கைத்துப்பாக்கியை வெளியே தெரிய வைத்துக்கொண்டு வருவதைத் தடுப்பது 30.07. அதே ஆள் மறைத்து வைத்துக்கொண்டு வருவதைத் தடுப்பது 30.06. மூன்றாவது 30.05, பொதுவான அத்துமீறல் பிரிவு. 21 வயதான பெரும்பாலானோர் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று 2021 செப்டம்பர் 1 முதல் ஆனபோது, அவர்களைத் தடுப்பதற்கான பலகை வாசகம் இந்தப் பிரிவில் சேர்ந்தது. உரிமம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் தனித்தனிப் பலகை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பல கடைகளில் 30.06 மட்டும் தொங்கும். உரிமம் இல்லாமல் இடுப்பில் மாட்டி வருபவருக்கும் அந்தப் பலகைக்கும் சம்பந்தமே இல்லை.

வாசகம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும். எழுத்து குறைந்தது ஒரு அங்குல உயரம், பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரியும் நிறம், உள்ளே வருபவர் கண்ணில் படும் இடம். இரண்டு மொழியிலும் அந்த உயரத்தில் அடித்தால் ஒரு பலகையே கதவில் பெரும் பகுதியைப் பிடித்துக்கொள்ளும். மறுக்கும் உரிமையைக் கடைக்காரருக்குக் கொடுத்த சட்டசபை, அதைச் சிரமப்பட்டுத்தான் அவர் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இப்படி எழுதியிருக்கிறது என்பது என் கருத்து.

பலகையைத் தாண்டி வந்தால் குற்றம்தான். ஆனால் மிகக் கீழ்நிலைக் குற்றம், அபராதம் 200 டாலருக்கு மேல் போகாது. நீங்களோ உங்கள் ஊழியரோ நேரில் "வெளியே போங்கள்" என்று வாயால் சொல்லியும் போகவில்லை என்றால் அது வேறு வகை: ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். ஆக, சட்டத்தின் முழு பலமும் பலகையில் இல்லை. நேரில் நின்று சொல்லும் ஆளிடம்தான் இருக்கிறது.

சேலத்தான்_ஹூஸ்டன் | 8 நவம்பர்

நான் உரிமம் வைத்திருப்பவன். வெளியே போகும்போது மறைத்துத்தான் வைத்திருப்பேன். பலகை கண்டால் திரும்பிவிடுவேன், அல்லது வண்டியில் பூட்டிவிட்டு உள்ளே போவேன். என்னைப் போன்றவர்களைத் தடுப்பதற்கு முன் ஒரு விஷயம் யோசிக்கச் சொல்கிறேன், அண்ணா.

1991 அக்டோபர் 16, கில்லீன் ஊரில் லூபிஸ் உணவகம். ஒருவன் வண்டியைச் சுவரில் மோதி உள்ளே வந்து 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அன்று அங்கே பெற்றோரோடு சாப்பிட வந்திருந்தவர் சுசானா ஹப். அவரிடம் துப்பாக்கி இருந்தது, ஆனால் அன்றைய சட்டத்துக்குப் பயந்து காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அன்று தாயையும் தகப்பனையும் இழந்தார். டெக்சாஸில் மறைத்து வைத்திருக்க உரிமம் கொடுக்கும் சட்டம் 1995-ல் வந்ததற்கு அவருடைய சாட்சியம் ஒரு பெரிய காரணம். அப்புறம் அவரே சட்டசபைக்குப் போனார்.

பலகையை மதித்துத் துப்பாக்கியை வண்டியில் விட்டு வருபவன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். கொல்ல வருபவன் எந்தப் பலகையையும் படிக்கப்போவதில்லை. இதற்கு உங்களிடம் என்ன பதில்?

தென்காற்று | 8 நவம்பர்

தம்பி, அந்தக் குடும்பத்தின் வலியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் நீங்கள் சொன்னது மறைத்து வைத்திருப்பதற்கான வாதம். கடைக்காரர் கேட்டது வெளியே காட்டிக்கொண்டு வருவதைப் பற்றி. இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

நான் இருப்பது மிசூரி மாநிலத்தில், ஸ்ப்ரிங்ஃபீல்டில். 2019 ஆகஸ்ட் 3 அன்று டெக்சாஸின் எல் பாசோ வால்மார்ட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 23 உயிர் போனது. ஐந்தே நாள் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, எங்கள் ஊர் வால்மார்ட் ஒன்றுக்குள் 20 வயதுப் பையன் ஒருவன் கவச உடையோடு, ரைஃபிளோடு, நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டாக்களோடு நடந்து வந்தான். சுடவில்லை. தள்ளுவண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கைப்பேசியில் படம் பிடித்தபடி நடந்தான். மேலாளர் தீ அலாரத்தை இழுத்தார், ஜனங்கள் வெளியே ஓடினார்கள். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தை வால்மார்ட் மதிக்கிறதா என்று சோதித்துப் பார்த்ததாக அவன் போலீஸிடம் சொன்னான். மிசூரியில் வெளிப்படையாக ஆயுதம் வைத்திருப்பது பொதுவாகக் குற்றமில்லை.

அந்த மேலாளர் இடத்தில் நின்று பாருங்கள். உள்ளே வருபவன் சோதிக்க வந்தவனா, கொல்ல வந்தவனா என்று முடிவு செய்ய அவருக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? இரண்டு பேரும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள். கடைக்காரர் "வேண்டாம்" என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சேலத்தான்_ஹூஸ்டன் | 8 நவம்பர்

அக்கா, அன்று அந்தப் பையனை மடக்கிப் பிடித்ததும் துப்பாக்கி வைத்திருந்த ஒரு தீயணைப்பு வீரர்தான், பணி நேரத்தில் இல்லாதவர். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மற்றபடி ரைஃபிளை முதுகில் மாட்டிக்கொண்டு பர்ரிட்டோ வாங்கப் போவதை நானும் ஆதரிக்கவில்லை. 2014-ல் டல்லாஸ் பக்கம் சில குழுக்கள் அதைத்தான் செய்தன. அப்போது டெக்சாஸில் கைத்துப்பாக்கியை வெளியே காட்டத் தடை இருந்தது, அந்தத் தடைக்கு 1871 வரை பின்னால் போகும் வரலாறு உண்டு. ஆனால் நீளத் துப்பாக்கிக்குத் தடை இல்லை. அந்த இடைவெளியைக் காட்டிச் சட்டத்தை மாற்ற வைப்பதற்காக ரைஃபிளோடு உணவகங்களுக்குள் போய்ப் படம் எடுத்துப் போட்டார்கள். என்ன ஆனது? மே மாதம் சிப்போட்லே உணவக நிறுவனம் துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்றது. அந்த மாதம் முடிவதற்குள் சில்லீஸும் சோனிக்கும் அதையே சொன்னார்கள், ஜூலையில் டார்கெட். வாயைத் திறக்காமல் இருந்த நிறுவனங்களை இவர்களே பேச வைத்தார்கள். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் என்.ஆர்.ஏ. சங்கத்தின் சட்டப் பிரிவே அந்தச் செயலைக் கண்டித்து எழுதியது. குழுக்கள் கொதித்ததும் சில நாளில் பின்வாங்கியது, அது வேறு கதை.

எங்கள் பக்கத்துக்கு இதைவிடப் பெரிய கெடுதலை எதிரிகள்கூடச் செய்ததில்லை என்பது என் எண்ணம்.

பொதிகை_ஆஸ்டின் | 9 நவம்பர்

எல்லோரும் ஏதோ கடைக்காரர் விருப்பம் மட்டும்தான் விஷயம் என்பது போலப் பேசுகிறீர்கள். ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு கொடுத்த உரிமை. 2022 ஜூனில் ப்ரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வீட்டுக்கு வெளியேயும் அந்த உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பொதுமக்களுக்குத் திறந்து வைத்த உணவகமோ விடுதியோ, நிறத்தைக் காரணம் காட்டி ஒருவரை வெளியே அனுப்ப முடியாது. 1964 குடிமை உரிமைச் சட்டம் அதைத் தடுக்கிறது. அப்படியிருக்க, அரசியலமைப்பிலேயே எழுதப்பட்ட உரிமையைப் பயன்படுத்துகிற ஒருவரை மட்டும் எப்படி அனுப்பலாம்?

வழக்குமன்றம் | 9 நவம்பர்

நல்ல கேள்வி, விளக்கமாகவே பதில் சொல்கிறேன்.

ஆயுத உரிமையைச் சொல்லும் இரண்டாம் திருத்தம் கட்டிப்போடுவது அரசாங்கத்தை. உங்கள் பேச்சுரிமையும் அப்படித்தான். என் வீட்டுக் கூடத்தில் வந்து நின்று நீங்கள் அரசியல் பேசினால் "போங்க தம்பி" என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, அதில் முதல் திருத்தம் மீறப்படுவதில்லை. ப்ரூயன் தீர்ப்பு நியூயார்க் மாநிலம் உரிமம் கொடுக்கும் முறையைப் பற்றியது. தனியார் இடத்தின் சொந்தக்காரர் துப்பாக்கியைத் தன் இடத்துக்குள் அனுமதித்தே ஆக வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

1964 சட்டம் அப்படிப்பட்ட இடங்களின் சொந்தக்காரர் உரிமையைக் குறைத்தது உண்மை. ஆனால் அதை நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிச் செய்தது, இனம், நிறம், மதம், பூர்விக நாடு என்று குறிப்பிட்ட காரணங்களுக்காக. ஒருவர் தன் நிறத்தை வண்டியில் பூட்டிவிட்டுக் கடைக்குள் வர முடியாது. துப்பாக்கியை முடியும்.

இன்றைய பெரிய சண்டை வேறு இடத்தில். கடைக்காரர் ஒன்றுமே சொல்லாவிட்டால் அந்த மௌனத்துக்கு என்ன பொருள்? டெக்சாஸில் அது "வரலாம்". ப்ரூயனுக்குப் பிறகு நியூயார்க் அதைத் தலைகீழாக்கியது: சொந்தக்காரர் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய வரக்கூடாது. பொதுமக்களுக்குத் திறந்த இடங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதியை அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவிட்டது. ஹவாய் 2023-ல் அதே மாதிரிச் சட்டம் போட்டது, அதைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ஏற்றது. வோல்ஃபோர்ட் என்ற அந்த வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தது. அந்த வழக்கிலும் கூட, கடைக்காரர் மறுக்கலாமா என்பது கேள்வியே இல்லை. யார் முதலில் வாயைத் திறக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பொதிகை_ஆஸ்டின் | 9 நவம்பர்

சரி, தனியார் இடம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "வண்டியில் பூட்டிவிட்டு வா" என்பது அவ்வளவு எளிதல்ல. வண்டிக் கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கி திருடுவது இங்கே சர்வசாதாரணம். திருடு போன துப்பாக்கி அடுத்து எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். பலகை வைக்கும் ஒவ்வொரு கடையும் தன் வாகன நிறுத்துமிடத்தில் துப்பாக்கிகளைக் குவித்து வைக்கிறது.

சேலத்தான்_ஹூஸ்டன் | 9 நவம்பர்

இது உண்மையான பிரச்சினை. அதற்காக வண்டிக்குள் இருக்கையின் அடிச்சட்டத்தோடு கம்பியால் பிணைக்கும் சின்னப் பூட்டுப்பெட்டி கிடைக்கிறது. என் வண்டியில் இருக்கிறது. துப்பாக்கி வாங்கப் பணம் இருப்பவனுக்கு அந்தப் பெட்டி பெரிய செலவில்லை. கடைக்காரர் தலையில் இதைக் கட்டாதீர்கள் தம்பி.

இரவுப்பணி | 9 நவம்பர்

ஜார்ஜியாவில் என் அண்ணன் நடத்தும் கேஸ் ஸ்டேஷனில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். நீங்கள் எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள். நான் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவன், அங்கிருந்து பேசுகிறேன்.

இங்கே பலகைக்கு டெக்சாஸில் இருக்கிற மாதிரித் தனிச் சட்ட வலு கிடையாது. வருபவரிடம் நேரில் சொல்ல வேண்டும். சொல்லியும் போகாவிட்டால்தான் அத்துமீறல். அப்படியென்றால் நள்ளிரவில், தனியாக, கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் ஒருவன், இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கும் ஒருவரிடம் போய் "தயவுசெய்து வெளியே போங்கள்" என்று சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொல்வார்கள்? நான் சொன்னதில்லை. பில் போட்டு, சில்லறை கொடுத்து, கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பெரிய நிறுவனங்கள் செய்ததையும் பாருங்கள். 2013 செப்டம்பரில் ஸ்டார்பக்ஸ் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் திறந்த கடிதம் எழுதினார். அதற்கு முந்தின மாதம் துப்பாக்கி ஆதரவாளர்கள் "ஸ்டார்பக்ஸ் பாராட்டு நாள்" என்று கூடியபோது, சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் பறிகொடுத்த நியூடவுனிலேயே இருந்த கிளையை அன்று சீக்கிரம் மூட வேண்டியிருந்தது. அவ்வளவுக்குப் பிறகும் கடிதம் சொன்னது தடை அல்ல, வேண்டுகோள். 2019 செப்டம்பர் 3 அன்று வால்மார்ட் சொன்னதும் வேண்டுகோள். அன்றே க்ரோகரும், அடுத்த நாட்களில் சி.வி.எஸ்., வால்கிரீன்ஸும் சொன்னதும் வேண்டுகோள்தான். வேண்டுகோளை மதிக்காமல் உள்ளே வந்தவரை என்ன செய்வது? அந்தக் கேள்வியைக் கவுன்ட்டரில் மணிக்கூலிக்கு நிற்பவனிடம் விட்டுவிட்டுத் தலைமை அலுவலகம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டது.

கடைக்காரரே, நீங்கள் மறுப்பதாக முடிவு செய்தால் முழுதாக மறுங்கள். பலகை வையுங்கள். ஆனால் அந்தப் பெண்ணை முன்னால் அனுப்பாதீர்கள். சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அவள் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், உள்ளே போய் 911 அழைத்தால் போதும் என்று எழுதியே கொடுங்கள்.

தென்காற்று | 9 நவம்பர்

இந்த இழையில் இதுவரை வந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நன்றி தம்பி.

டேட்டன்வாசி | 10 நவம்பர்

911 அழைப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனதுக்குக் கஷ்டமான விஷயம்.

நான் இருப்பது ஒகையோவில், பீவர்க்ரீக் பக்கத்தில். 2014 ஆகஸ்ட் 5 அன்று அங்குள்ள வால்மார்ட்டில் ஜான் க்ராஃபர்ட் என்ற 22 வயதுக் கறுப்பின இளைஞர், அலமாரியில் விற்பனைக்கு இருந்த காற்றுத் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கைப்பேசியில் பேசியபடி கடைக்குள் நடந்துகொண்டிருந்தார். ஒரு வாடிக்கையாளர் 911 அழைத்து, ஆட்களை நோக்கிக் குறி வைக்கிறார் என்று சொன்னார். வந்த போலீஸ் பார்த்த சில விநாடிகளில் சுட்டுவிட்டது. அவர் இறந்துபோனார். களேபரத்தில் ஓடிய ஒரு பெண்ணும் மாரடைப்பில் இறந்தார். ஒகையோவில் அன்றும் உண்மையான துப்பாக்கியையே வெளிப்படையாக வைத்திருக்கலாம். சிறப்பு ஜூரி போலீஸ்காரர் மேல் வழக்குத் தொடரவில்லை. 2020-ல் நகராட்சி 17 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

வெள்ளை இளைஞர்கள் ரைஃபிளை மாட்டிக்கொண்டு உணவகத்தில் படம் எடுத்துப் போட்ட அதே 2014 இது. ஓப்பன் கேரி, அதாவது துப்பாக்கியை வெளியே தெரிய மாட்டிக்கொள்ளும் உரிமை, எல்லோர் உடம்பிலும் ஒரே மாதிரி உட்காருவதில்லை. நம்மவர்கள் சிலர், பழுப்பு நிறத் தோலோடு, தாடியோடு, "சட்டம் அனுமதிக்கிறது" என்ற நம்பிக்கையில் இடுப்பில் மாட்டிக்கொண்டு கடைகளுக்குப் போவதைப் பார்க்கிறேன். எனக்கு அவர்களை நினைத்துத்தான் பயம்.

அதனால் 911 அழைப்பவர் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "உறையில் இருக்கிறது, கையில் எடுக்கவில்லை, யாரையும் மிரட்டவில்லை, கடைக்காரர் போகச் சொல்லியும் போகவில்லை." இந்த நான்கும் சொன்னால் போதும். ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் ஒரு உயிர் போகலாம்.

சேலத்தான்_ஹூஸ்டன் | 10 நவம்பர்

மறுக்க ஒன்றுமில்லை. இதே காரணத்துக்காகத்தான் நான் என்றைக்கும் வெளியே காட்டுவதில்லை.

காவேரிக்கரை_டாம்பா | 10 நவம்பர்

ஃபுளோரிடாவில் இருப்பவர்கள் கவனிக்க: 1987-லிருந்து இங்கே ஓப்பன் கேரிக்குத் தடை இருந்தது. 2025 செப்டம்பர் 10 அன்று மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதுவே இனி மாநிலம் முழுவதும் சட்டம் என்று அட்டர்னி ஜெனரலும் அறிவித்துவிட்டார். அதனால் உங்கள் கேள்வி இப்போது எங்கள் ஊர்க் கடைகளிலும் வந்துவிட்டது.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டெக்சாஸில் பலகையை மீறினால் 200 டாலர் வரை அபராதம் என்றார்கள். இங்கே துப்பாக்கியோடு அத்துமீறி நிற்பது மூன்றாம் நிலைப் பெருங்குற்றம், ஐந்தாண்டு வரை சிறை. கிரீன் கார்டில் இருப்பவருக்குப் பெருங்குற்றத் தீர்ப்பு என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் போகச் சொன்னால் வாதாடாமல் வெளியே போய்விடுங்கள்.

பொதிகை_ஆஸ்டின் | 10 நவம்பர்

நான் இன்னும் ஒரு பக்கம் சொல்ல வேண்டும். கொள்ளை அடிக்க வருபவன் "துப்பாக்கி வேண்டாம்" பலகை இருக்கும் கடையைத்தான் தேடுவான். விஸ்கான்சின் 2011-ல் சட்டம் இயற்றும்போது, துப்பாக்கியைத் தடை செய்யாத கடைக்காரருக்கு அந்த முடிவால் வரும் வழக்குகளிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தது. ஏதோ காரணம் இருக்கத்தானே வேண்டும்? பலகை வைப்பதற்குப் பதில் நீங்களே ஒன்று வாங்கிக் கவுன்ட்டருக்கு அடியில் வைத்துக்கொள்ளலாமே.

வழக்குமன்றம் | 10 நவம்பர்

விஸ்கான்சின் செய்தது பாதுகாப்பு பற்றிய ஆராய்ச்சி முடிவு அல்ல, சட்டசபை ஒரு பக்கம் சாய்ந்ததன் அடையாளம். பலகை வைக்காதவருக்குச் சட்டக் கவசம், வைத்தவருக்கு அது இல்லை. இப்படிச் சாய்த்துவிட்டு "கடைக்காரர் சுதந்திரமாக முடிவு செய்யலாம்" என்று சொல்வதை நான் நேர்மையாகக் கருதவில்லை.

கவுன்ட்டருக்கு அடியில் வைப்பது பற்றி ஓர் எச்சரிக்கை, இது படிக்கும் எல்லோருக்கும். எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகவே தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கடை உங்களுடையது, நீங்கள் குடியுரிமை பெற்றவர், ஆனால் கல்லாவில் உட்காருபவர் விசாவில் இருக்கும் தம்பி மனைவி என்றால் விஷயம் சிக்கலாகிவிடும். மாநிலச் சட்டம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்து யாரும் இதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நெறியாளர் | 10 நவம்பர்

கட்சி அரசியலுக்குள் போன இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மற்றவர்கள் தொடரலாம்.

மளிகை_ஃபிரிஸ்கோ | 11 நவம்பர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு மனைவியோடு உட்கார்ந்து பேசி முடிவு எடுத்துவிட்டோம்.

30.07, 30.05 இரண்டு பலகையும் வைக்கப்போகிறோம். 30.06 வைக்கவில்லை. சேலத்தான் தம்பி போல முறையாக உரிமம் எடுத்து, கண்ணில் படாமல் வைத்திருப்பவரை நாங்கள் தேடிப் பிடிக்கப்போவதில்லை. எச்-இ-பி கடைகளும் 2016-ல் ஓப்பன் கேரி வந்ததிலிருந்து ஏறக்குறைய இப்படித்தான் நடத்துகிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பெரிய கடையே அப்படி நடத்தி வியாபாரம் குறையவில்லை என்பது எனக்குத் தைரியம் கொடுத்தது.

இரவுப்பணி தம்பி சொன்னதை அப்படியே செய்கிறோம். போகச் சொல்வது நானோ மனைவியோ மட்டும். ஊழியர்கள் யாரும் பேச வேண்டாம். டேட்டன்வாசி எழுதிய நான்கு வரியையும் தொலைபேசிப் பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன்.

கடைசியாக இரண்டு சந்தேகம். சரக்கு இறக்கும் பின்கதவிலும் பலகை வேண்டுமா? வாகன நிறுத்துமிடத்துக்கும் சேர்த்து வைக்கலாமா? அது நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டட வரிசை முழுவதற்கும் பொது.

வழக்குமன்றம் | 11 நவம்பர்

சட்டம் சொல்வது ஒவ்வொரு நுழைவாயிலும். பின்கதவு வழியாக யாரும் உள்ளே வர முடியும் என்றால் அங்கேயும் வையுங்கள். ஒரு வாசலில் இல்லை என்பதே அந்த வழியாக வந்தவருக்கு நல்ல வாதமாகிவிடும். வைத்த பிறகு எல்லா வாசலையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து வைக்கும்போது பலகை மறையாத இடமாகப் பாருங்கள்.

நிறுத்துமிடம் உங்கள் கையில் இல்லை. அது கட்டட உரிமையாளருடையது. உங்கள் பலகை நீங்கள் வாடகைக்கு எடுத்த இடத்துக்கு மட்டும்தான். வாடகை ஒப்பந்தத்தில் கதவு, ஜன்னல், வெளிப்பலகை பற்றி நிபந்தனை இருக்கும். ஒரு அங்குல எழுத்தில் இரண்டு பெரிய பலகை ஒட்டுவதற்கு முன் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

உங்கள் ஊழியர்களில் உரிமம் வைத்திருப்பவர் யாராவது இருந்தால், தன் பூட்டிய வண்டிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை முதலாளி தடுக்கக் கூடாது என்று 2011-லிருந்து டெக்சாஸில் சட்டம் இருக்கிறது. கடைக்குள் கொண்டுவரக் கூடாது என்று மட்டும் நீங்கள் சொல்லலாம். வேலை விதிகளில் அந்த வரியையும் சேர்த்துவிடுங்கள்.